லாசர் அண்ணையின் மிச்ச விறகு

லாசர் அண்ணை பேசாலைக் கடலில் வளர்ந்தவர். கரை திரும்பும்வரை தண்ணீரையும் எண்ணெயையும் மிச்சம் பிடித்தே பழகிய கை அவருடையது. பாரிசுக்கு வந்து, லா சப்பலில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி அறையில் குடியேறிய பிறகும் அந்தக் கை மாறவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவினார். அறையில் மனைவி ரோசாலியும் ஐப்பசியில் பிறந்த பெண் பிள்ளையும். சூட்டுக்கு ஓர் இரும்பு விறகடுப்பு மட்டும்.

"ஒரு மாரிக் குளிருக்கு எவ்வளவு விறகு வேணும் தம்பி? நீர்தானே படிச்சனீர்" என்று என்னைக் கேட்டார்.

எங்கள் ஊரில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான், பௌதிகப் பட்டதாரி. அறையின் அளவு, அடுப்பு ஒரு நாளில் தின்னும் கட்டைகள், குளிர் நீடிக்கும் மாதங்கள் என்று பெருக்கிப் பார்த்தேன். முன்பு அங்கே குடியிருந்தவர் எரித்த அளவைக் கட்டடக் காவல்காரி ஜிஸ்லேன் சொன்னாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. நிலவறையில் விறகை அடுக்கி, அடுக்கின் பாதி உயரத்தில் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தேன். மாசி தொடக்கத்தில், மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாளன்று, விறகு அந்தக் கோட்டில் நிற்கவேண்டும். அதற்குக் கீழே போனால் பங்குனியில் பிள்ளை விறைக்கும்.

எண்பத்தைந்தாம் ஆண்டுத் தை மாதம் பாரிசின் ஸ்டாலின்கிராட் சந்திப் பக்கத்துக் கால்வாயே உறைந்துபோனது. திருநாளுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்த கையோடு நிலவறைக்குப் போய்ப் பார்த்தேன். விறகு கோட்டுக்கு வெகு மேலே நின்றது. முதலில் சந்தோசம். பிறகு யோசித்தேன். இந்தக் குளிரில் இவ்வளவு விறகு எப்படி மிஞ்சும்?

மேலே ஏறினேன். கதவைத் திறந்த லாசர் அண்ணையின் முகம் வீங்கியிருந்தது. தலை பிளக்கிறதாம், இரண்டு பேருக்கும் வாந்தியாம். பட்டப்பகலில் அறை இருண்டு கிடந்தது. அடுப்பின் கண்ணாடி கறுத்திருந்தது. உள்ளே கட்டைகள் எரியவில்லை, கனன்றன.

"வலன்ரைன் வந்து போறான் தம்பி" என்றார் மெதுவாக.

வலன்ரைன் அவருடைய தம்பி. கடலுக்குப் போனவன், உடல் கரைக்கு வரவில்லை. ரோசாலி கல்யாணமாகி வருமுன்பே போய்விட்டான், அவள் அவனைப் பார்த்ததே இல்லை. ஆனால் யன்னலடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்பவனை அவளும் கண்டிருக்கிறாள். குளிருக்கு அடுப்புத் தேடி வருகிறான் என்று இருவரும் நம்பினார்கள். அவன் வரும் வழியை அடைக்கவும், பிள்ளைக்குப் பனி படாமல் காக்கவும், யன்னலைப் போர்வையால் மூடி, அதன் இடுக்கிலும் சுவரின் காற்றுத் துளையிலும் பழஞ்சேலையைக் கிழித்துத் திணித்திருந்தார்கள். விறகை மிச்சம் பிடிக்கப் புகைபோக்கித் தகட்டையும் அண்ணை முக்கால்வாசி மூடியிருந்தார்.

"பிள்ளை இப்ப அழுறதே இல்லை" என்றாள் ரோசாலி. "நல்ல பிள்ளை."

குனிந்து பார்த்தேன். அரைக்கண் திறந்திருந்தது. கூப்பிட்டேன், கண் அசையவில்லை.

யன்னல் துணியைப் பிடித்து இழுத்தேன். அண்ணை என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"திறக்காதையும். அவன் திரும்பவும் உள்ளுக்கை வந்திடுவான்."

"அடுப்புத்தான் அண்ணை கொல்லுது. மூக்குக்குத் தெரியாத நஞ்சு."

உதறிவிட்டுத் திறந்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். ஜிஸ்லேன், அங்கே முதலுதவிக்கும் வரும் தீயணைப்புக்காரரை அழைத்தாள். முற்றத்துப் பனியில், அவளுடைய கம்பளிக்குள் கிடந்த அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தபடி நின்றோம். கடைசியில் பிள்ளை வீரிட்டது. ரோசாலி அப்படியே பனியில் குந்திவிட்டாள்.

மூவரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன்: காற்றில்லாத நெருப்பு, அது கக்கும் வாயு, அந்த வாயு ஏறிய மூளை காணும் காட்சிகள். அண்ணை கடைசிவரை கேட்டார்.

"ஓம் தம்பி, நீர் படிச்சனீர், சரியாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா அவன் ஒருநாளும் அடுப்படிக்கு வரேல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யன்னலடியிலைதான் நிண்டவன். அந்தத் துணியைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு."

அந்த மாரி விறகு பங்குனிக்குப் போதவில்லை. சந்தைப் பெட்டிகளை உடைத்து எரித்தார். யன்னலை மட்டும் எப்போதும் இரண்டு விரலளவு திறந்தே வைத்திருந்தார். காற்றுக்காகவா, வலன்ரைனுக்காகவா என்று நான் கேட்கவில்லை.