பொன்னுக்கு வீங்காத கழுத்து

1. ஜெல்லு

ஸ்கேன் ரூமில் என்னைப் போட்ட முதல் நாளே ஒரு பெரியவர் சண்டைக்கு வந்துவிட்டார். அவர் வயிற்றில் தடவிய ஜெல்லை நான் துணியால் துடைத்ததுதான் குற்றம்.

“இன்னாமே, மருந்து ஊறக்கூட இல்ல, அதுக்குள்ள தொடைக்கிற?”

“இது மருந்து இல்ல நைனா. உள்ள படம் தெரியறதுக்குத் தடவறது.”

“தடவினதும் வலி எறங்கிச்சே! உனக்கு இன்னா தெரியும்?”

டாக்டரம்மா மிஷினைப் பார்த்தபடியே சிரித்தார். எனக்கும் சிரிப்புதான். அப்புறம் பார்த்தால் பாதிப் பேர் அப்படித்தான். ஸ்கேன் என்றால் வைத்தியம் என்று நினைப்பு. அந்தக் கருவியை வைத்து இரண்டு தேய் தேய்த்தாலே நோய் போய்விடும் என்று மாலை போட்ட சாமி மாதிரி பக்தியோடு படுப்பார்கள். பக்கத்து வார்டு ஆயா தன் மூட்டுக்கு ஒரு கை ஜெல் கேட்டு எத்தனை நாள் என் பின்னாடி சுற்றினாள் தெரியுமா!

பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எழுதவும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுத்துத் தமிழில் எழுதுகிறாள். நான் திட்டுவதை மட்டும் விட்டுவிடுகிறாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்லுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயாவிடம் கதை கேட்க ஆள் வந்திருக்கிறதே!

ஆஸ்பத்திரி செங்கல்பட்டுப் பக்கம். பெயர் வேண்டாம். அச்சரப்பாக்கத்திலிருந்து, திருக்கழுக்குன்றத்திலிருந்து, கடலோரத்திலிருந்து எல்லாம் வருவார்கள். என் வேலை, வந்தவரைப் படுக்க வைப்பது, துடைப்பது, அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொள்வது. கழுத்து ஸ்கேன் என்றால் இன்னொரு வேலை உண்டு. தோளுக்கு அடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்தி, மேலே கிடப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். தாயத்து, சிலுவை டாலர், கறுப்புக் கயிறு, சங்கிலி. தாலியைக் கழற்று என்றால் பெண்களுக்குக் கண் கலங்கிவிடும். அதை நான் காதுப்பக்கம் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒரு பெண்ணின் தாலியைப் பிடித்தபடியே எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அந்தக் கதை கிடக்கட்டும்.

இந்தக் கழற்றுகிற வேலையில்தான் மோனிஷாவைப் பார்த்தேன்.

2. நாத்தனார் சங்கிலி

தை மாதம். பத்து வயதுப் பெண். மாமல்லபுரத்துக் கடற்கரையில் அவள் அம்மா சுகந்தி சிப்பிக் கடை வைத்திருந்தாள். சிப்பி மாலை, சங்கு, கல்லில் செதுக்கிய சின்ன யானை. கூட வந்தவள் மல்லிகா, சுகந்தியின் நாத்தனார், பிள்ளைக்கு அத்தை. பேச்செல்லாம் மல்லிகாதான்.

பிள்ளை கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலி. பெரியவர்கள் போடும் நீளம். இரண்டு சுற்றாகச் சுற்றியிருந்தார்கள்.

“கழட்டுமா சங்கிலிய,” என்றேன்.

சுகந்தி நாத்தனாரைப் பார்த்தாள்.

“கழட்டக் கூடாது,” என்றாள் மல்லிகா. “பொன்னுக்கு வீங்கி. எறங்கறதுக்கு முன்ன கழட்டினா திரும்ப ஏறிக்கும்.”

நம் பக்கம் பிள்ளைகளுக்குக் காதுக்குக் கீழே கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்போம். உடம்பு பொன் கேட்கிறதாம், அதனால் வீங்குகிறதாம். வீட்டில் இருக்கிற தங்கத்தைக் கழுத்தில் போட்டுவிடுவோம். அது தானாக வடிகிற வீக்கம். வடிந்ததும் தங்கத்துக்குப் பேர்.

ஆனால் இந்தப் பிள்ளைக்குத் தீபாவளிக்கு முன்னாடியே வீங்கியிருக்கிறது. பொங்கலும் போய்விட்டது. வீங்கிய இடம் கன்னமும் இல்லை. நடுக்கழுத்து.

“யாரு சங்கிலி?”

“என்னுதுதான்,” என்றாள் மல்லிகா. “என் கழுத்துல கெடந்தத கழட்டிப் போட்டேன். எந்த அத்த போடுவா?”

அதில் பொய் இல்லை. அவள் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறுதான் இருந்தது. இதுதான் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. பொல்லாதவள் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவள் ஆசையாகச் செய்தாள். தெருவே மெச்சியிருக்கிறது. அதைக் கழற்றினால் நாத்தனாரை அவமதித்ததாகும் என்று பெற்றவள் கை நீட்டவில்லை.

டாக்டரம்மா எழுந்து வந்தார். “கண்ணு, உன் பேர் இன்னா?”

“மோனிஷா.” தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி வந்தது குரல்.

“குரல் எப்பவுமே இப்படியா?”

“இல்லம்மா,” என்றாள் சுகந்தி. “பீச்சுல சிப்பி மால விக்கறா. இவ கூவினா லைட் ஹவுஸ் வரைக்கும் கேக்கும். கத்திக் கத்தி தொண்ட கட்டிகிச்சு.”

“ஹிந்தில கூட கூவுவா,” என்றாள் மல்லிகா பெருமையாக. “டில்லிக்காரன் கூட நின்னு வாங்கிகினு போவான்.”

டாக்டரம்மா என்னிடம் தண்ணீர் கேட்டார். டம்ளரில் கொடுத்தேன். “ஒரு வாய் முழுங்கு, கண்ணு.” பிள்ளை விழுங்கினாள். சங்கிலி மேலே ஏறி இறங்கியது. சங்கிலிக்கு அடியில் இருந்தது சேர்ந்து ஏறி இறங்கியது.

டாக்டரம்மா தன் கையாலேயே சங்கிலியைக் கழற்றி மல்லிகாவின் உள்ளங்கையில் வைத்தார். மல்லிகாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

அடியில் இருந்தது நெல்லிக்காய் அளவு. இத்தனை நாள் அதை யாருமே தொட்டுப் பார்க்கவில்லை. பொன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள்.

3. நார்மல்

மிஷினில் பார்த்து முடித்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெரியவர்களுக்குத் தைராய்டில் கட்டி வருவது சாதாரணம், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, சின்னப் பிள்ளைகளுக்கு வந்தால் அப்படிச் சும்மா விட முடியாது என்றார். கட்டிக்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிகிறது, ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

“தைராய்டெல்லாம் நார்மல்மா,” என்றாள் சுகந்தி அவசரமாக. “வெளிய பிளட் டெஸ்ட் எடுத்தோம். நார்மல்னு சொன்னாங்களே!”

“உங்க வூட்ல மோட்டார் கீதா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“கீதும்மா.”

“தொட்டி ரொம்புதுன்னா மோட்டார் ஓடுதுன்னு தெரியும். மோட்டார்ல விரிசல் வுட்டுக்கீதான்னு தொட்டியப் பாத்தா தெரியுமா? பிளட்ல நார்மல்னா சுரப்பி வேல செய்யுது, அவ்ளோதான். கட்டி நல்லதா கெட்டதான்னு அது சொல்லாது.”

சுகந்திக்குப் புரிந்தது. அவள் முகத்தில் பார்த்தேன். ஆனால் மல்லிகா குறுக்கே வந்தாள்.

“ஊசியெல்லாம் வேணாம். சும்மா கீற கட்டிய நோண்டினா பரவிடும். எங்க தெருவுல ஒருத்தருக்கு குத்திப் பாத்தாங்கோ, அடுத்த மாசமே போய்ட்டாரு.”

“அவரு ஊசி போட்டதால சாகலம்மா. லேட்டா போட்டதால செத்தாரு,” என்றார் டாக்டரம்மா.

“சாவு பேச்ச எடுக்கறாங்க, எந்திரி சுகந்தி!”

பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கையில் ஜெல் துணியோடு நான் பின்னாடியே ஓடினேன். டீக்கடை வாசலில் பிடித்தேன்.

“ஏம்மா, ஒரு வார்த்த கேளு. அந்தம்மா புள்ளைங்களுக்கு நல்லதுதான் சொல்லுவாங்க. இட்டுகினு வா.”

“நீ துணி துவைக்கிற வேலைய பாரு ஆயா,” என்றாள் மல்லிகா. “டாக்டர் வேலைய பாக்காத.”

டீக்கடைக்காரன் சிரித்தான். நான் சுகந்தியைப் பார்த்து, “பெத்தவ நீ இன்னா சொல்ற?” என்றேன். அவள் நாத்தனார் கையில் இருந்த சங்கிலியைப் பார்த்தாள். மோனிஷாதான் என் புடவையைப் பிடித்து, “அந்த ஊசி வலிக்குமா ஆயா?” என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது.

டாக்டரம்மா அவர்கள் கொடுத்த நம்பருக்குப் பல முறை போன் போட்டார். எடுத்தது மல்லிகா. “சரியாப் போச்சு” என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆடியில் வந்தார்கள். சுகந்திதான் முன்னாடி நடந்து வந்தாள். பிள்ளை கழுத்தில் இப்போது வேறு சங்கிலி, முன்னதைவிடத் தடிமன். மெல்லிசு பத்தவில்லையாம். அதைக் கழற்றினேன். கட்டி பெரிதாகியிருந்தது. பக்கவாட்டில் பட்டாணி பட்டாணியாக இன்னும் சில.

ஊசி போட்டார்கள். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். காது குத்துகிற நேரம்கூட ஆகவில்லை. “அவ்ளோதானா?” என்று கேட்டாள். காது குத்துக்கு ஊரைக் கூட்டி விருந்து வைத்தவர்கள், இந்த ஊசிக்குத் தையிலிருந்து ஆடி வரை ஓடியிருக்கிறார்கள்.

கேன்சர்தான். இந்த வகை குணமாகும், பிள்ளைகளுக்கு நன்றாகவே குணமாகும் என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் பக்கத்தில் பரவியிருப்பதால் ஆப்பரேஷன் பெரிதாகும், குரல் நரம்பையும் பிடித்திருப்பது போலத் தெரிகிறது என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் மல்லிகா தலையில் அடித்துக்கொண்டு சுகந்தியைப் பார்த்துக் கத்தினாள்: “பெத்தவதானே நீ? கண்ணு அவிஞ்சா போச்சு? பாத்துகினு இருக்க வேணாம்?”

சுகந்தி தடிச் சங்கிலியை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் தலைமுடியைக் கோதிக் கட்டினாள். எனக்கு வாய்வரைக்கும் வந்த சொல்லை இங்கே சொன்னேன். பேத்தி எழுதவில்லை.

4. சிப்பி

சென்னையில் ஆப்பரேஷன் நடந்தது. பிள்ளை பிழைத்தாள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. நோய் போய்விட்டது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அந்தப் பெரியவர் மாதிரி ஜெல்லுக்கே கும்பிடு போடத் தோன்றியது.

குரல் திரும்ப வரவில்லை. நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை.

சில வருஷம் கழித்து, நான் ரிடையர் ஆன பிறகு, பேத்தி என்னை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனாள். கடலைப் பார்க்க என்றாள். நான் கடையைத்தான் தேடினேன். நாலாபக்கமும் பிள்ளைகள் கூவிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையிலிருந்து மட்டும் டக்டக்கென்று சத்தம். மோனிஷா இரண்டு பெரிய சிப்பியைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தத்துக்குத் திரும்பியவர்களிடம் மாலையைத் தூக்கிக் காட்டினாள். பாதிப் பேர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். “ஆயா.” காற்றுதான் வந்தது. அந்தக் காற்றுக்குள் என் பேர் இருந்தது.

கழுத்தில் தழும்பு. சங்கிலி விழுகிற இடத்திலேயே, சங்கிலி போலவே ஒரு கோடு. ஆப்பரேஷன் செய்தவர்கள் அழகுக்காக மடிப்பில் கீறியிருக்கிறார்கள்.

கடைக்குள் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து, “நாஸ்தா துன்னியாம்மா?” என்று கேட்டாள். பிறகு தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு பிள்ளை பின்னாடி வந்து நின்றாள். “ஆயா வந்துக்கீதுடி. தழும்பு தெரியாம இத போட்டுக்கோ. நாளைக்கு பொண்ணு பாக்க வர்றவன் கேப்பான்.”

மோனிஷா சிப்பிகளைக் கீழே வைத்தாள். அத்தையின் கையைப் பிடித்து விலக்கினாள். அந்தக் காற்றுக் குரலில், நாங்கள் குனிந்து கேட்கும்படி சொன்னாள்:

“மூடி வெச்சதெல்லாம் போதும் அத்த.”

மல்லிகா சங்கிலியோடு நின்றாள். சுகந்தி தலையைத் தூக்காமல் மாலை கோத்துக்கொண்டிருந்தாள்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களே, ஆயா சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கழுத்தில் வீக்கம் என்று பிள்ளை வந்தால், மேலே என்ன கிடந்தாலும், யார் ஆசையாகப் போட்டிருந்தாலும், முதலில் கழற்றுங்கள். கூட வந்தவர்களுக்கு முகம் கறுக்கும். கறுக்கட்டும். அது பிறகு வெளுத்துவிடும். டீக்கடைக்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

நாங்கள் கிளம்பும்போது பின்னாடி அந்தச் சிப்பிச் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. லைட் ஹவுஸ் வரை போகவில்லை. மூன்றாவது கடையிலேயே அடங்கிவிட்டது.