தாய்மாமன் மாலைக்கு ஒரு ஒத்திகைப் போர்

என் வீட்டுக்காரர் அன்புமணி அகரத்தில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். கல்யாண வீட்டுச் சண்டைகளில் உடைந்த நாற்காலிகளைப் பொறுக்கியே பாதி ஆயுளைக் கழித்த மனுஷன். பட்டாளத்துக்காரர்கள் சண்டைக்குப் போகுமுன் மேஜையில் வரைபடத்தை விரித்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து ஆடிப் பார்ப்பார்களாம். அதை எந்தப் பாழாய்ப்போன வீடியோவில் பார்த்தாரோ, அன்று பிடித்தது சனி. தண்ணீர் லாரிக்காரரிடம் பேசப் போவதென்றாலும் முதலில் என்னை லாரிக்காரராக நிற்க வைத்து ஓர் ஆட்டம் ஆடுவார். நான்தான் ஜெயிப்பேன். அதற்குள் லாரி போயிருக்கும்.

எங்கள் மகள் தமிழ்மதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கு ஒரே கவலைதான். நத்தத்தில் எனக்கு அண்ணன் காமராஜ், தம்பி இளஞ்செழியன் என்று கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். எங்கள் அம்மா செத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மேடையில் தாய்மாமன் மாலையை முதலில் யாருக்குப் போட்டாலும் மற்றவர் எழுந்து போய்விடுவார். இரண்டு பேரும் என் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும். அதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

“நீ எதுக்கு அழுகுற? ஆடிப் பாத்துருவோம்” என்றார் இவர்.

நாற்காலி ஏற்றி இறக்கும் ஒச்சப்பன் என் அண்ணனாக நின்றார். மைக்செட் ரொனால்டு என் தம்பி. இவர் கழுத்தில் ஒரு விசில். “அவுக மாதிரியே நெனைக்கணும், அவுக மாதிரியே கோவப்படணும்” என்பதுதான் சட்டம்.

ஒச்சப்பனுக்கு முதல் மாலை விழுந்தது. ரொனால்டு தாம்பாளத்தைத் தட்டிவிட்டுப் போனான். சரியென்று ரொனால்டுக்கு முதலில் போட்டார். ஒச்சப்பன் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரே நேரத்தில் போடலாமே என்று நானும் இவரும் ஆளுக்கொரு மாலையோடு நின்றோம். வலப்பக்கம் யாருக்கு என்று அடிதடி. கடைசியில் ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டு, “இந்த வீட்டுல இனி கை நனைக்க மாட்டேன்” என்று கிளம்பியே போய்விட்டார். மறுநாள் வேலைக்கும் வரவில்லை.

கோபித்துக்கொண்டு போன தாய்மாமனை, வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு வீடு தேடிப் போய் அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆட்டமென்றால் முழுசாக ஆட வேண்டாமா? இவர் பட்டு வேட்டி கட்டி, மேளக்காரரையும் கூட்டிக்கொண்டு ஒச்சப்பன் வீட்டுக்குக் கிளம்பினார். கூறுகெட்டவள், நானும் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சேதி நத்தம் போகாமல் இருக்குமா? அண்ணன் வந்து இறங்கினார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் தம்பியும் வந்துவிட்டான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருவரும் என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

“நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கையில எவனோ ஒருத்தனுக்கு மேளதாளத்தோட தட்டா?” என்றார் அண்ணன்.

இவர் அசரவில்லை. “அப்ப நீங்களே ஆடுங்க மச்சான். ஆனா ஆள மாத்தி. நீங்கதான் தம்பி. தம்பி நீங்களா இருக்கட்டும்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு வீம்புக்கா பஞ்சம்? “அவன மாதிரி ஆட எம்புட்டு நேரமாகும்?” என்று அண்ணன் எழுந்து நின்றார். தம்பி விறைப்பாக உட்கார்ந்து, அண்ணன் மாதிரியே மீசையை நீவினான்.

இவர் முதல் மாலையை, அண்ணனாக உட்கார்ந்திருந்த தம்பிக்குப் போட்டார். தம்பியாக நின்ற அண்ணன் தட்டைத் தட்டிவிடவில்லை. தம்பியின் கீச்சுக் குரலில் ஆரம்பித்தார். “எனக்கு எதுக்கு மாலை? அம்மா கெடையில கெடந்தப்ப, திருப்பூர்ல வேலையில இருந்த எனக்கு ஒரு தாக்கல் சொல்லி விடல. நான் வந்து எறங்கையில எரிச்சு முடிச்சிருந்தாக. மூஞ்சியக்கூடப் பாக்கல.” சொல்லச் சொல்லக் கீச்சுக் குரல் போய், அவருடைய சொந்தக் குரல் வந்துவிட்டது.

இத்தனை வருஷமும் அண்ணனுக்கு இது தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

தம்பி மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “தப்புதான்டா. ஒனக்குச் சொல்லி விட்டுருக்கணும்” என்றான்.

இவர் விசிலை ஊதினார். “ஆட்டம் செல்லாது! மச்சான் மாதிரி நெனச்சு ஆடணும். அவரு உசுரே போனாலும் அப்படிச் சொல்ல மாட்டாரு.”

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“சொல்லுவேன் மாப்ள. அவன் சரியாத்தான் ஆடுறான்.”