கொட்டிய சீம்பால்

ஒரு தாயின் சீம்பாலைக் கை கழுவும் தொட்டியில் கொட்டியவன் நான். அரைக்கால் டம்ளர்கூட இருக்காது. எவர்சில்வர் டம்ளரின் அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து டம்ளரையும் கழுவி அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். அப்படிக் கழுவிக் கொடுத்ததைப் பெரிய மரியாதை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவனாக இருந்தேன். குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை இருந்தது. அதன் சாவி என் சட்டைப்பையில் இருக்கும். கிருமி வரும் என்று தாய்மார்களை உள்ளே விடமாட்டேன். காலையும் மாலையும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு டப்பாப் பால்தான். நான் படித்த இடத்தில் அப்படித்தான் செய்தார்கள். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

அவள் நாகலூர்ப் பக்கம், சாமை விதைத்து மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துப் பெண். எட்டாம் மாதமே பெண் குழந்தை பிறந்துவிட்டது; உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லை. சீம்பால் ஆகாது, பீய்ச்சிக் கீழே விட்டுவிடு என்று மாமியார் சொல்லியும் கேளாமல், டம்ளரில் பீய்ச்சி எடுத்து வந்திருந்தாள்.

“கன்னுக்குட்டிக்கே மொதப்பால் குடுக்காம உடமாட்டமுங்க. இது எம்புள்ளைங்க.”

“இது ஆஸ்பத்திரிம்மா, மாட்டுக்கொட்டாய் இல்லை” என்றேன். வராந்தாவில் இரண்டு பேர் சிரித்தார்கள். நர்ஸ் மட்டும் தயங்கித் தயங்கி, “பாலாடைச் சங்குல சொட்டுச் சொட்டா நான் புகட்டிப் பாக்கட்டுங்களா சார்?” என்று கேட்டார். இங்கே டாக்டர் யார் என்று நான் திருப்பிக் கேட்டதில் அவர் முகம் தொங்கிப்போனது.

அதன் பிறகும் நான்கு நாள் டம்ளரோடு வந்தாள். நான்கு நாளும் கொட்டச் சொன்னேன். பிறகு வெறுங்கையோடு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். பிள்ளை வாய் வைக்காத மார்பு வற்றிவிட்டிருந்தது. குழந்தை கொஞ்சம் தேறியதும் ஒரு பால் டப்பாவைக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

மழைக்காலத்தில் குழந்தையை வயிற்றுப்போக்கோடு பஸ்ஸில் தூக்கி வந்தாள். “டப்பா சீக்கிரம் தீந்துருமுன்னு தண்ணி நொம்ப ஊத்திட்டனுங்க” என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள். அன்று மாலையே குழந்தை இறந்துபோனது. பதிவேட்டில் வயிற்றுப்போக்கு என்று எழுதினேன். எழுதிய கைதான் அந்தப் பாலையும் கொட்டியது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரமே அறையின் பூட்டைக் கழற்றினேன். தொட்டில்களுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டேன். நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டு, பாலாடையில் எப்படிப் புகட்டுவது என்று அவரிடமே கற்றுக்கொண்டேன். நிறையப் பிள்ளைகள் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தன.

மூன்று வருஷம் கழித்து அவளே அடுத்த பிரசவத்துக்கு வந்தாள். இந்தத் தடவையும் குறைமாதம், ஆண் குழந்தை. கதவு திறந்திருந்தும் படியிலேயே நின்று, “உள்ள வரலாமுங்களா?” என்றாள். முதல் குழந்தை என்னால்தான் போயிற்று என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். அவள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, அதே போன்ற ஒரு டம்ளரில் பால் பீய்ச்சினாள். வாங்கிக்கொள்ளலாம் என்று நான் கையை நீட்டினேன்.

டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நானே குடுத்துக்கறனுங்க.”

அந்தப் பையன் பிழைத்தான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நின்றது மட்டும் இத்தனை வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை.