பூட்டி வைத்த ரப்பர் பல்புகள்

விபத்துப் படிவத்தில் நான் எழுதியது பொய். "பாதுகாப்புச் சாதனம் வழங்கப்பட்டிருந்தும் பணியாளர் அதைப் பயன்படுத்தாமல் கவனக்குறைவாக நடந்துகொண்டார்" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தச் சாதனம் என் அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப்பையில் கிடந்தது. எழுதக் குனிந்தபோது அது மேஜை விளிம்பில் இடித்ததுகூட நினைவிருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு உருப்படிகளுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றில் நான் வேதியியலாளன். ஆய்வகம் என்பது ஓர் அறை. அதில் நானும் ஓர் உதவியாளரும். திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலில் வந்துபோன பெண் அவர். காலையில் ஷிப்ட் தொடங்குமுன் எட்டுத் தொட்டிகளின் திரவத்தையும் சோதித்துச் சொல்லிவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவும் தொட்டிகளில் காஸ்டிக் சோடா இருக்கும். தோலில் பட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், பிறகு தின்னும்.

அதை அளந்து எடுப்பது பிப்பெட்டால். கோடு போட்ட கண்ணாடிக் குழாய் அது. திரவத்தைக் கோட்டுக்கு மேலே உறிஞ்சி, விரலால் மேல்வாயை அடைத்து, மெல்லக் கோடுவரை இறக்க வேண்டும். வாய்க்குப் பதிலாக உறிஞ்சுவதற்கென்றே ரப்பர் பல்ப் என்ற குமிழ் உண்டு. எங்களிடம் ஆறு இருந்தன, பவுடர் தூவி, பெட்டி கலையாமல். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அவை மேஜைக்கு வரும். அவர் ஆறையும் எண்ணிப் பார்த்துத் திருப்தியாகக் குறித்துக்கொள்வார். அந்த ரப்பரில் ஏன் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். அவர் ஜீப் கேட்டைத் தாண்டியதும் நான் பூட்டிவிடுவேன்.

முன்பு இருந்த பல்ப் ஒன்று உள்ளே அமிலம் ஏறிக் கெட்டுப்போனது. அப்போது மேனேஜர், "ஏன் சார், எம்.எஸ்ஸி. படிச்சவங்களுக்கு வாய் இல்லையா?" என்றார். நான் சிரித்தேன். இன்று நினைத்தால் உடம்பு எரிகிறது. அவர் கேட்டதற்காக அல்ல, நான் சிரித்ததற்காக. அதைவிடக் கேவலம், வாயால் உறிஞ்சுவதில் எனக்குப் பெருமை இருந்தது. கல்லூரியில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பழகினோம். பல்ப் கை பழகாதவர்களுக்கு என்று நினைத்தேன். அந்தத் திமிரை என் உதவியாளருக்கும் கற்றுக்கொடுத்தேன்.

"இன்னா சார், ஆறு ரப்பரும் அலமாரியில தூங்கினு கீது. இன்ஸ்பெக்டரு வந்து எழுப்பினாத்தான் எய்ந்துக்குமா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"பல்புல பழகினா கை சோம்பேறியாயிடும்மா."

"கைக்கு ஒண்ணும் ஆவாது சார். வாய்க்கு ஆனா?"

ஆனாலும் அவர் வாயாலேயே உறிஞ்சப் பழகினார், என்னைவிடச் சுத்தமாக.

ஒரு நாள் காலை, சோதனை முடிவு வராமல் வேலை நின்றுபோயிருந்தது. மேனேஜர் இரண்டு முறை போனில் கத்திவிட்டார். உதவியாளரின் வாயில் பிப்பெட் இருந்தது. தொட்டியிலிருந்து எடுத்து வந்த பாட்டிலின் அடியில்தான் திரவம். "ஆறாம் தொட்டி என்னாச்சு?" என்று என் மேஜையிலிருந்து கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார். குழாயின் நுனி திரவத்தைவிட்டு ஒரு மயிரிழை மேலே வந்திருக்கும். காற்றை உறிஞ்சினால் குழாயில் இருப்பது அத்தனையும் வாய்க்குத் தாவும். அவரால் கத்த முடியவில்லை. பிப்பெட் விழுந்து உடைந்த சத்தம்தான் கேட்டது. தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப் போய் வாயைக் கழுவக் கழுவ, நாக்கு வெள்ளையாக உரிந்து வந்தது.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று மாலை மேனேஜர் படிவத்தோடு வந்தார். "பல்ப் வாங்கி வச்சிருக்கோம்ல? பில் இருக்கு. உள்ளதை எழுதுங்க சார், போதும்."

ஒரு சொட்டு கூடிவிட்டால் சோதனையை முதலிலிருந்து செய்கிறவன் நான். அந்தப் படிவத்தை ஒரே மூச்சில் எழுதினேன். அதை வைத்தே, பாதுகாப்பு விதியை மீறினார் என்று, கஞ்சியைத் தவிர எதையும் விழுங்க முடியாமல் கிடந்தவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். நான் மறுநாளும் வேலைக்குப் போனேன். அதற்கடுத்த நாளும்.

அவர் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து சாட்சி சொல்ல எனக்கும் அழைப்பு வந்தது. விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நடந்ததை எழுதி எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயிலுக்குப் போனேன். அவர் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பைபிளைக்கூட வைக்காமல் நின்றபடியே படித்தார். குரல் கரகரத்துக் கீழே போயிருந்தது.

"பத்து மில்லி பிப்பெட்டுன்னு எழுதிகீறீங்க. அன்னிக்கு எடுத்தது இருபத்தஞ்சு சார். பத்து உடைஞ்சி ரெண்டு நாளாச்சி. நீங்கதான் பெருசுலயே எடுன்னீங்க. பாட்டில்ல அவ்ளோ சரக்கு ஏது?"

மறந்தே போயிருந்தேன். திரவம் ஏன் அடியில் கிடந்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

"நீங்க கூப்ட்டதையும் எழுதல."

"எழுதறேன்."

"இங்கியே எழுதுங்க. ஊட்டுக்குப் போனா மறந்துடுவீங்க."

அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் அவர் சரிபார்த்தார்.

விசாரணையில் அதைக் கொடுத்தேன். நிர்வாகம் இறங்கி வந்து அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது, ஆய்வகத்தில் அல்ல, பேக்கிங் பிரிவில். என்னை ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். விபத்துப் படிவத்தை மாற்றக் கேட்டதற்கு, கோப்பில் போன தாளை மாற்ற முடியாதாம், விசாரணையில் நான் கொடுத்ததை அதன் பின்னால் குத்தி வைப்பார்களாம்.

அவரிடம் சொன்னேன். "பின்னாடி குத்தினா எவன் சார் திருப்பிப் பாப்பான்? முன்னாடி குத்தச் சொல்லுங்க."

கடைசி நாளன்று மேனேஜரிடம் அதையே கேட்டேன். "ஒரு தாளுக்கு இவ்வளவா சார்?" என்று சிரித்தார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. பிறகும் மூன்று கடிதங்கள் போட்டேன். பதில் இல்லை. எந்தக் கோப்பிலோ இன்னும் முதல் தாளில் அவர் கவனக்குறைவானவராகவே இருக்கிறார், என் கையெழுத்தில்.