டிக்கிக்குள் ஒரு மூடி

பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்க வண்டி ஓட்டத் தெரிய வேண்டாம். எந்த வண்டிக்கு வாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். என்னைப் போல் பம்ப் பக்கத்தில் நின்று வெயிலில் காய்கிறவர்களே, பொன்னமராவதியில் நான் பட்டதைக் கேளுங்கள்.

வலமா, இடமா?

ஒரு வாத்தியார் புதுக் காரில் வந்தார். பெட்ரோல் மூடி அந்தப் பக்கம் இருக்கிறது, திருப்பி நிறுத்துங்கள் என்றேன். பம்பைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நிறுத்தினார். அப்போதும் மூடி அந்தப் பக்கம்தான். இன்னொரு சுற்று, மறுபடியும் அதே கதை. இறங்கி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "பம்ப கொஞ்சம் இங்கிட்டு தள்ளி வச்சிருக்கப்படாதா?"

செல்வம் அண்ணனின் சிவப்பு வண்டி

செல்வம் அண்ணனுக்கு டவுனில் இரும்புக்கடை. சிங்கப்பூரில் சம்பாதித்ததைக் கொட்டி, அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஓடவைத்திருந்தார். ரெண்டே சீட். முதல்நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், மூடியைக் காணோம். அவர் டிக்கியைத் திறந்தார். ஸ்டெப்னி, ஜாக்கி, சாக்கு எல்லாவற்றையும் இறக்கினால் மூலையில் இருக்கிறது மூடி! மூடியிலிருந்து டேங்குக்குப் போகிற குழாயும் குட்டை. கொஞ்சம் வேகமாக அடித்தால் பெட்ரோல் திரும்பி நம் மேலேயே தெறிக்கும்.

இந்தக் காரைப் பார்த்தே அண்ணனுக்கு வந்த வரன்கள் தட்டிப்போயின. ரெண்டு சீட்டில் பிள்ளைகுட்டியை எங்கே உட்காரவைப்பான் என்று பெண் வீட்டார் பின்வாங்கினார்கள். சட்டையைத் துடைத்துக்கொண்டே, வித்துத் தொலைங்கண்ணே என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. "பொண்ணு அமையலேன்னாக்கூட இருந்துருவேம்மா, இத வித்துட்டு எப்பிடி இருக்குறது?"

தட்டு வரிசை

கடைசியில் கீரனூரில் ஒரு பெண் சம்மதித்தாள். நிச்சயதார்த்தத்துக்குச் சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். சீர்த்தட்டுகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டு அண்ணனும் அவர் அம்மாவும் கிளம்பினால், டேங்க் காலி. ராகு காலத்துக்கு முன்னால் அங்கே தட்டு மாற்றியாக வேண்டும்.

தேங்காய், பழம், பூ, பட்டுப்புடவை எல்லாம் வெளியே வந்தன. தட்டைத் தரையில் வைக்கக் கூடாது என்றார் அம்மா. ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட வந்த பெண்கள் ஆளுக்கொரு தட்டை வாங்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ரோட்டில் போன டவுன் பஸ்ஸே நின்று வேடிக்கை பார்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் விட்டேன். அப்படியும் டிக்கிக்குள் தெறித்துவிட்டது. துடைத்தும் வாடை போகவில்லை. அதற்குள்ளேதான் பட்டுப்புடவை போக வேண்டும். காரால் கெட்டது போதாதென்று இந்த இடம் என்னால் கெட்டுப்போகுமோ என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவுக்கோ வேறு கவலை. "இம்புட்டு பேரு கண்ணு பட்டுருச்சு தாயி. ஒரு சூடத்தக் கொளுத்தி இங்கனயே சுத்திப் போட்ருவமா?"

காலி டிக்கி

அதன் பிறகு சிவப்பு வண்டியைக் காணவில்லை. போகிற வருகிறவர்களிடம் விசாரிக்கவும் பயம். ஒருநாள் வந்தது. அண்ணனுக்குப் பக்கத்தில் பெட்டி, பை, பைக்கு மேல் ஒரு பூசணிக்காய். பூசணிக்காய்க்குப் பின்னாலிருந்து, கழுத்தில் புதுத்தாலியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அன்றைக்குப் புடவையில் வாடை அடித்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அடிச்சுச்சுக்கா, எங்க தாய்மாமாகூட மொகத்தச் சுளிச்சாரு, காத்தாடப் போட்டாப் போயிரும்னு நாந்தான் சொன்னேன். டிக்கி காலிதான், நீங்க அடிங்க. சாமானெல்லாம் இனிமே என் மடியிலதான்."

பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது என்பதைப் பெண் பார்க்கும்போதே சொல்லிவிடுவது இரு வீட்டாருக்கும் நல்லது, பங்க்கில் நிற்பவர்களுக்கு இன்னும் நல்லது.