முழங்கையில் முளைத்த எலும்பு

அறுபதுகளின் தொடக்கம். கலியாணமாகிப் பூவரசங்குளத்துக்கு வந்த அடுத்த மாரியில், குளக்கட்டில் சறுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். முழங்கை மூட்டு விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதைத் திரும்பப் பொருத்தி, பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள்.

பிளாஸ்டரை வெட்டியபோது கை மடங்கியபடியே நின்றது. "கொஞ்சம் கொஞ்சமா நீங்களே அசையுங்கோ" என்றார்கள். புருசனை இழந்து எங்களோடு இருந்த மச்சாளுக்கு, என் கணவரின் தமக்கைக்கு, அதுவரை பொறுமையில்லை. காலையும் பின்னேரமும் நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து குந்துவா. எண்ணெய் பூசி உருவி, முழங்காலால் என் தோளை அமத்திக்கொண்டு கையை இழுப்பா.

"மச்சாள், காணும். உயிர் போகுது."

"நொந்தாத்தான் நிமிரும், பிள்ளை. பல்லைக் கடிச்சுக்கொண்டிரு."

அக்காவின் சொல்லுக்கு என் கணவரிடம் மறுபேச்சில்லை. அவாவின் காலடி கேட்டாலே எனக்கு வியர்க்கும். வேண்டாமென்று எப்படிச் சொல்வது? எனக்காகத்தானே பாடுபட்டா. இழுக்க இழுக்க முழங்கைக்கு மேலே சதை வீங்கிச் சுட்டது. பிறகு கல்லாக இறுகியது. கடைசியில் கை நீளவுமில்லை, மடங்கவுமில்லை. வயிற்றுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. சோற்றைக் குழைக்கலாம், வாய்க்குக் கொண்டுபோக முடியாது.

யாழ்ப்பாணத்தில் வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மூட்டுக்கு முன்னால், சதை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டி.

"இது எலும்பு. அடிபட்ட சதைக்குள்ள வளர்ந்திருக்கு."

"நான் உருவினதாலயோ, ஐயா?" என்று மச்சாள் கேட்டா.

"அதாலயும் கூடியிருக்கும். இனி ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. இப்ப வெட்டினால் திரும்ப முளைக்கும். முத்தட்டும், ஒரு வருசம் பொறுங்கோ."

அன்றிலிருந்து மச்சாள்தான் என் வாயில் சோறு தீத்தினா. இடது கையால் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை. என் கையைக் கெடுத்த விரல்களே என் வாய்வரை வந்து போயின. சிலவேளை கோபத்தில் வாயை இறுக்கிக்கொண்டிருப்பேன். அவா கவளத்தைப் பிடித்தபடி காத்திருப்பா. பசித்தால் திறக்கத்தானே வேண்டும்.

அடுத்த வருசம் அந்த எலும்பை வெட்டி எடுத்தார்கள். கை முழுதாக நீளவில்லை, ஆனால் மடங்கியது. வீட்டுக்கு வந்த அன்று நானே குழைத்து, கொஞ்சம் குனிந்து, ஒரு வாய் வைத்தேன். மச்சாள் குசினி வாசலில் நின்று பார்த்தா.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

"ஓம், மச்சாள்."

அவா இருந்தவரை அதற்குமேல் அந்தக் கையைப்பற்றி நாங்கள் கதைத்ததேயில்லை.