கலியபெருமாள் விஷம் வைக்கவில்லை

வாசுகியின் வான்கோழிகளுக்குக் கலியபெருமாள் விஷம் வைக்கவில்லை. செத்த பறவையை அறுத்துப் பார்த்த அன்றே எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே, அவர் வைத்திருக்கலாம் என்று ஊர் நம்பும்படி பேசினேன்.

டெல்டாவில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நோயைத் தப்பாகக் கணித்ததுண்டு. பிழைத்திருக்க வேண்டிய மாடு என் கையில் செத்ததுண்டு. அவை எந்த மருத்துவருக்கும் நேரக்கூடியவை. இது அந்த வகையில் சேராது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கருந்தலை நோயைப் பற்றியும் இதில் இருக்கும், என்னைப் பற்றியும் இருக்கும்.

கோழி சொல்லிக் கொடுக்கும்

அப்போது நான் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே ஒரு கிராமத்து மருந்தகத்தில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். மகளிர் குழுக்களுக்கு வான்கோழிக் குஞ்சு கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது.

வளர்த்தவர்களுக்குத் தெரியும், வான்கோழிக் குஞ்சு மகா மந்தம். தீவனம் காலடியில் கிடந்தாலும் கொத்தத் தெரியாது. தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே வாடிச் சாகும். அதனால் நம் பக்கத்தில் ஒரு பழக்கம். வான்கோழி முட்டையை நாட்டுக்கோழிக்கு அடை வைப்பார்கள். வாங்கி வந்த குஞ்சு என்றால் நாட்டுக்கோழிக் குஞ்சுகளோடு கலந்து விடுவார்கள். அது கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தப் பழகும்.

பயிற்சிக் கூட்டத்தில் நானும் அதைத்தான் சொன்னேன். "தனிக் கொட்டகையெல்லாம் வேணாம்மா. உங்க நாட்டுக்கோழியோட விட்டுடுங்க. அதுவே சொல்லிக் கொடுத்துடும்."

"எங்க வீட்டு ஆம்பளையையும் அதோடவே விட்டுடலாமா சார்?" என்றாள் ஒருத்தி. கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வான்கோழியையும் கோழியையும் ஒரே மண்ணில் வளர்க்கக் கூடாது என்பது கல்லூரியில் எனக்குச் சொல்லித் தந்த பாடம். கோழியின் குடலில் ஒரு சிறு புழு இருக்கிறது. அந்தப் புழுவின் முட்டைக்குள் கருந்தலை நோயின் கிருமி தங்கியிருக்கும். பெரும்பாலும் கோழியை அது ஒன்றும் செய்யாது. எச்சத்தோடு மண்ணுக்கு வரும், ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மண்புழு அதை விழுங்கி வைத்திருக்கும். அந்த மண்ணையோ மண்புழுவையோ வான்கோழி கொத்தினால், கிருமி குடலைப் புண்ணாக்கி ஈரலுக்குப் போய்விடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் தனிக் கொட்டகை கட்டச் சொன்னால் பாதிப் பேர் குஞ்சே வேண்டாம் என்பார்கள். கொடுக்க வேண்டிய குஞ்சு என் மருந்தகத்தில் தேங்கி நிற்கும். ஆகவே எனக்கு வசதியானதைச் சொன்னேன்.

வாசுகி அந்தக் குழுவில் ஒருத்தி. கணவர் சிங்கப்பூரில். பெண் குழந்தை ஒன்று. கொல்லையைக் கண்ணாடிபோல் வைத்திருப்பாள். அவளுடைய குஞ்சுகள்தான் நன்றாகத் தேறி வந்தன. மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, "இதையே மாடலா காட்டிடலாம். கலெக்டரையே கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனார்.

வேலிக்கு அந்தப் பக்கம் கலியபெருமாள் வீடு. வாசுகியின் கணவருக்குப் பெரியப்பா முறை; அவள் மாமா என்று கூப்பிடுவாள். ஆண் துணை இல்லாத வீடு என்று அவள் வயலுக்கும் இவர்தான் தண்ணீர் பாய்ச்சுவார். இவர் வீட்டில் மட்டும் கோழியே கிடையாது. கொல்லை முழுக்க அவர் மனைவியின் கீரைப்பாத்தி. அதையொட்டி நாற்றங்கால்.

வான்கோழிகளுக்கு இறக்கை முளைத்ததும் வேலி தாண்டின. ஒரு நாள் சம்பா நாற்றங்காலை மிதித்து உழப்பிவிட்டன. கலியபெருமாள் தெருவில் நின்று கத்தினார்.

"வாசுகி, ஒன் வான்கோழிய அடைச்சு வையி. இன்னொரு தடவ நாத்துல எறங்குச்சு, மருந்து வச்சிருவேன், சொல்லிப்புட்டேன்."

விதை விட்டவன் யாராக இருந்தாலும் அப்படித்தான் கத்துவான். மறுநாள் அவரே வந்து வேலியில் முள் வைத்துக் கட்டிக் கொடுத்தார். தெருவுக்கு நினைவில் நின்றதோ அவர் கத்தியதுதான்.

ஈரல்

நல்ல மழைக்குப் பிறகு வாசுகி போன் செய்தாள். "சார், ரெண்டு செத்துப் போச்சு. மிச்சமும் இறக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. கழிச்சல் மஞ்சளா இருக்கு."

"கோழியெல்லாம்?"

"கோழி நல்லாத்தான் சார் இருக்கு. இதுங்க மட்டும்தான்."

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய் என்றால் கோழிகளும் விழுந்திருக்கும். போய்ப் பார்த்தேன். கந்தகத்தைக் கரைத்ததுபோல் மஞ்சள் எச்சம். பூவரச மரத்தடியில் வைத்து செத்த பறவையை அறுத்தேன். ஈரல் முழுக்க வட்ட வட்டமான புண்கள், நடுவில் குழிந்து, ஓரம் தடித்து, காசு வைத்து அழுத்தியதுபோல். பறவைக்குள்ள குடல்வால்கள் இரண்டும் வீங்கி, உள்ளே கெட்டியான மஞ்சள் அடைப்பு. பாடப் புத்தகத்துப் படம் அப்படியே என் கையில் இருந்தது. கருந்தலை என்று பெயரே தவிர, தலை கறுக்க வேண்டும் என்பதில்லை. ஈரல்தான் சாட்சி. விஷம் தின்ற பறவையின் ஈரலில் இப்படி வட்டம் விழாது.

கையைக் கழுவுவதற்குள் மேலதிகாரியின் போன். "என்னய்யா, மாடல் கொல்லையில பறவை சாவுதாமே? கலெக்டர் ப்ரோக்ராம் கொடுத்தாச்சு. உன் மேனேஜ்மென்ட்ல எதுவும் கோளாறா?"

"இல்ல சார். வேற காரணம் மாதிரி தெரியுது."

அந்தப் பொய் அவருக்காகச் சொன்னது. ஆனால் வாசுகி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் தெருவே கூடியிருந்தது.

"என்ன காரணம் சார்?" என்றாள். "கோழி சாவல. வேலி தாண்டிப் போனது இதுங்க மட்டும்தான். மாமா நாத்தங்காலுக்குக் குருணை போட்டிருக்காரு."

நாற்றங்காலில் பூச்சிக்குப் போடும் குருணை மருந்தைச் சொன்னாள். இல்லையம்மா, இது உன் கோழி கிளறிய மண்ணிலிருந்து வந்த நோய், அதோடு விடச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது:

"குருணையாவும் இருக்கலாம்மா."

கலியபெருமாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "டாக்டர் சார், நீங்க படிச்சவங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நான் வைக்கல."

"நான் எதையும் உறுதியாச் சொல்லலைங்க. லேபுக்கு அனுப்பினாதான் தெரியும்."

லேபுக்கு அனுப்பவில்லை. செத்த பறவைகளை ஈரலோடு சேர்த்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்லிவிட்டேன்.

அடுத்துச் செய்ததுதான் இன்னும் கேவலம். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து மிச்சப் பறவைகளுக்குக் கொடுத்தேன். கருந்தலைக்கு அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த மருந்து அது. இறைச்சிக்கும் முட்டைக்கும் வளர்க்கும் பறவைக்கு இன்று அதைக் கொடுக்கக் கூடாது. வந்த பிறகு கொடுக்க நம்பகமான மருந்து என்று வேறொன்றும் இல்லை. வராமல் பார்ப்பதுதான் வைத்தியம். அன்றைக்கு வாசுகி, "இது என்ன மருந்து சார்?" என்று கேட்டாள். விஷத்தை முறிக்க என்றேன். சில பறவைகள் பிழைத்தன. விஷமுறிவு மருந்துக்குக் கேட்டதால் விஷம்தான் என்று ஆகிவிட்டது. டாக்டர் காப்பாற்றினார் என்று எனக்குப் பெயர்.

கொஞ்ச நாளில் பூதலூர்ப் பக்கம் மாற்றல் வந்தது. போய்விட்டேன்.

குருணையார்

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். பெண் வீட்டுக்கு வழி கேட்டேன். டீக்கடையில் நின்ற ஓர் இளைஞன், "நேராப் போங்க. குருணையார் வீட்டுக்கு எதுத்தாப்புல" என்றான்.

"குருணையாரா?"

"கலியபெருமாள்னு ஒருத்தர். குருணையார்னாதான் ஊருக்குத் தெரியும்."

"ஏன் அந்தப் பேரு?"

"தெரியலைங்க. எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

அந்தக் கல்யாணத்தில் நான் சாப்பிடவில்லை. மொய் எழுதிவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது, அவர் வீட்டைத் தாண்டித்தான் வந்தோம், உள்ளே போகவில்லை என்பது உறைத்தது. மறுபடி போகத் துணிவு வர ஒரு சாகுபடிக் காலம் முழுக்க ஆயிற்று.

குறுவை அறுவடை முடிந்த நேரம். கலியபெருமாள் வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். முதுகு வளைந்திருந்தது. என்னை அடையாளம் கண்டு எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். நோயின் பெயர், ஈரல், நான் சொன்ன பொய், கொடுத்த மாத்திரை, எல்லாம்.

அவர் கோணி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார். "அப்ப அது என் குருணையால சாவலையா?"

எனக்குப் புரியவில்லை.

"நான் வைக்கல சார். ஆனா அன்னைக்குக் காலையில நாத்தங்காலுக்குப் போட்டிருந்தேன். பூச்சி செத்து மெதக்கும்ல, அத தின்னுட்டுதான் செத்துருக்கும்னு நெனச்சேன். வெளியில இல்லன்னு சொன்னேன். மனசுக்குள்ள நான்தான்னு இருந்துச்சு. அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்க முடியாம குனிஞ்சுக்கிட்டே போவேன்."

அவரை ஊர் சந்தேகித்தது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அவரே தன்னைச் சந்தேகிக்கும்படி செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மன்னிச்சுடுங்க என்றேன்.

"அது கெடக்கட்டும். எங்கிட்டச் சொன்னா ஆச்சா? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

அவரே முன்னால் நடந்தார். பக்கத்து வீட்டு வாசல்வரை வந்து நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. வாசுகி கொல்லையில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். அதே பூவரச மரத்தடியில் நின்று மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கையைக் கழுவாமலே கேட்டாள். "எம் பொண்ணு சடங்குக்கு மாமாவுக்குப் பத்திரிகை வைக்கல சார். அவரு முன்ன நிக்க வேண்டிய எடத்துல வேற ஆள நிப்பாட்டுனேன். வயலுக்குத் தண்ணி அவரு போர்லேருந்து வேணாம்னுட்டேன். எல்லாம் ஒங்க வாயிலேருந்து வந்த ஒரு வார்த்தைக்கு."

"ஆமாம்மா."

"ஆமாங்கிறீங்க."

குனிந்து தவிட்டைப் பிசைந்து முடித்தாள். கடைசியில், "அதுக்கப்புறம் ரெண்டு தடவ வாங்கி விட்டுப் பாத்தேன். ரெண்டு தடவையும் செத்துச்சு. அப்ப இனிமே வளக்கவே முடியாதா?" என்றாள்.

"இந்த மண்ணுல முடியாதும்மா. கோழி கிளறாத மண்ணு வேணும். தரையிலேருந்து ஒசத்தி, கம்பி வலை போட்ட கொட்டகையா இருந்தா நல்லது. எச்சம் கீழ விழுந்துடும். ஈரம் ஆகாது. கோழிக்கு டாக்டரக் கேட்டு ஒழுங்கா குடற்புழு மருந்து கொடுக்கணும். கோழிக்குப் பொழங்குற தட்டு, மம்பட்டி எதையும் அங்க கொண்டு போகக் கூடாது. செருப்புகூட இங்கேருந்து மண்ண எடுத்துட்டுப் போகும்."

"கோழி கிளறாத மண்ணுக்கு நான் எங்க போறது?"

அவள் பார்வை வேலிப் பக்கம் போயிற்று. கீரைப்பாத்தி தெரிந்தது.

"நீங்க கெளம்புங்க சார்," என்றாள்.

டீக்கடைக்கும் போனேன். கலியபெருமாளும் வந்தார். அங்கே இருந்தவர்களிடம், அவர் விஷம் வைக்கவில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். வயசான இரண்டு பேர் தலையசைத்தார்கள். இளைஞர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே விளங்கவில்லை.

"விடுங்க சார், அதெல்லாம் யாரு இப்ப நெனைச்சுக்கிட்டு இருக்கா," என்றார் கடைக்காரர். பிறகு உள்ளே திரும்பி, "ஏப்பா, குருணையாருக்கு சக்கர கம்மியா ஒண்ணு," என்றார்.

கலியபெருமாள் அந்த டீயை வாங்கிக் குடித்தார். நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே நிதானமாகக் குடித்ததுபோல் இருந்தது.

வேலி

இந்த ஆண்டு சம்பா நடவு முடிந்த பிறகு அந்தப் பக்கம் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். கீரைப்பாத்தி பாதியாகக் குறைந்திருந்தது. மீதி இடத்தில் மூங்கில் கால் நட்டு, கம்பி வலைத் தரை போட்ட உயரமான கொட்டகை. உள்ளே வான்கோழிகள், நன்றாக வளர்ந்து, கழுத்துத் தோல் சிவந்து. வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு. நான் நின்ற வாசுகியின் கொல்லைப் பக்கம் ஒரு ஜோடி செருப்பு கழற்றிக் கிடந்தது. வாசுகி வெறுங்காலோடு தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தாள்.

பறவைகளைப் பார்த்துக்கொள்வது மருந்தகத்தின் இப்போதைய டாக்டரம்மா என்று பிறகு தெரிந்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது சரிதான்.

பறவைகளைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் வேலித் திறப்பில் காலை வைத்தேன். கொட்டகைக்குப் பின்னாலிருந்து கலியபெருமாள் குரல் வந்தது.

"சார், அங்கேயே நில்லுங்க. கோழி மேயுற எடத்துல நடந்துட்டு வர்றீங்க."

வைத்த காலை எடுத்துவிட்டேன். அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து திறப்புக்கு அருகில் வைத்தார். நான் செருப்பைக் கழற்றி, வாசுகியின் செருப்புக்குக் கொஞ்சம் தள்ளி விட்டுவிட்டு, குனிந்து காலைக் கழுவினேன். சரியாகக் கழுவுகிறேனா என்று அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிகாலு," என்றார்.

மறுபடியும் கழுவினேன்.